பொன்மலைப் புலியைக் காணோம்

அத்தியாயம் 6

தன்னைத்தானே யோக்கியன் என்று சொல்லிக்கொள்கிறவனைக் கண்டால் பெலிண்டாவுக்கு ஆகாது. அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் நாற்பதாயிரம் பேர் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவள் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

கூட்டத்தின் பெயர் 'மருந்தில்லா மேனி'. ஊசி, மாத்திரை எதுவும் இல்லாமல் உடம்பை ஏற்றுகிறவர்களுக்கான இணையக் குழு. அதில் சேர்ந்தவனுக்குச் 'சுத்தன்' என்று பட்டம். காலையில் எழுந்தால் சுத்த வணக்கம், சாப்பிட்டால் சுத்த உணவு, தூங்கினால் சுத்த உறக்கம். ஊசி போட்டு மாட்டிக்கொண்டவன் 'துரோகி'. மாதத்துக்கு ஒரு துரோகி தவறாமல் மாட்டுவான். எல்லோருமாகச் சேர்ந்து அவனைக் காறித் துப்பிக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று தங்கள் கையை மடக்கிப் படம் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

இந்த மாதத் துரோகியின் அக்கா ஆனந்தவள்ளி, மேலப்புதூரில் பெலிண்டாவின் மாடித் துப்பறியும் அலுவலகத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முசிறிப் பக்கம் வாழை போடுகிற குடும்பம். என்.எஸ்.பி. சாலைத் துணிக்கடை ஒன்றில் வேலை. மதிய இடைவேளையில் கடைச் சீருடைப் புடவையோடே ஓடி வந்திருந்தாள்.

"இன்னிக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு லைவ்ங்க மேடம். என் தம்பி ரஞ்சித் எல்லார் முன்னாடியும் 'ஊசி போட்டேன், மன்னிச்சுடுங்க'ன்னு சொல்லப் போறான்."

"போட்டானா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்குச் சொல்றான்?"

"சொன்னா மன்னிச்சுத் திரும்பச் சேத்துக்குவாங்களாம். அந்தக் கூட்டத்த விட்டா உலகத்துல வேற யாருமே இல்லைங்கற மாதிரி பேசறான். அவன் ஜிம்ல மாஸ்டரா இருக்கான். ஓனர் கனி பாய் நல்ல மனுஷன்தான். ஆனா 'இந்தப் பஞ்சாயத்து முடியட்டும், அப்புறம் வா தம்பி'ன்னு அனுப்பிட்டாரு. இவன் இன்னிக்கு அங்க உக்காந்து ஆமான்னு சொல்லிட்டா, பசங்களச் சேக்கற எந்த அப்பா அம்மா இவன்கிட்ட விடுவாங்க? ஆயுசுக்கும் ஊசிக்காரன்தானே?"

சொல்லிவிட்டு அழுதாள். அழுகிறவர்களுக்குப் பெலிண்டா ஆறுதல் சொல்வதில்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சாட்சி யாரு?"

அதற்குப் பதில் சொன்னவன் நஜிமுதீன், அவளுடைய உதவியாளன். ரமலான் நோன்பில் இருந்தான். வயிறு காலியானால் மற்றவர்களுக்குப் பேச்சு குறையும், அவனுக்கு ஏறும். குழுவின் பக்கத்தைத் தன் போனில் திறந்து உரக்க வாசித்தான்.

"'ஸ்ரீரங்கம் பார்த்தா'ன்னு ஒரு ஆளுக்கா. 'நான் பிறந்ததிலிருந்து சைவம். பொய் என் நாக்கில் வராது. ரஞ்சித்தின் பையில் இதை என் கண்ணால் பார்த்தேன்.' கீழ ஒரு ஊசிப் படம். சைவம் சாப்பிட்டா பொய் வராதாக்கா? அந்தச் சத்து வெண்டைக்காய்ல இருக்கா, கத்திரிக்காய்ல இருக்கா?"

ஆனந்தவள்ளி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது மாட்டுக்குக் கோமாரி தடுப்பூசி போடற ஊசிங்க. எங்க வீட்டு மாட்டுக்கே போட்டிருக்காங்க."

"இத அங்க சொன்னீங்களா?"

"சொன்னேங்க. 'மாட்டு மருந்தையே ஏத்தியிருக்கான் பாரு'ன்னு இன்னும் அதிகமாத் திட்டினாங்க."

பெலிண்டா போனை வாங்கி, பார்த்தா இதுவரை எழுதியதை எல்லாம் ஒரு தடவைக்கு நாலு தடவை படித்தாள். பையின் படம் இல்லை, ரஞ்சித்தின் படம் இல்லை. ஒரு மாட்டு ஊசியும் ஒரு சைவ நாக்கும் இருந்தன. இவ்வளவுதான் சாட்சி. இதை நம்பி ஒருவனைத் தூக்கில் போட நாற்பதாயிரம் தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. உடம்பை ஏற்றுகிறவர்கள் கழுத்துக்கு மேலேயும் கொஞ்சம் ஏற்றக்கூடாதா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இந்தப் பார்த்தாவ உங்க தம்பி நேர்ல பார்த்திருக்கானா?"

"யாரையுமே பாத்ததில்லைங்க. போன மாசம் கொள்ளிடக் கரையில எல்லாரும் ஒருநாள் கூடலாம்னு இவன்தான் கூப்பிட்டான். ஊர் பேர் தெரியாத சின்னப் பசங்கதான் வந்தாங்க. குழுவுல பெரிசாப் பேசற ஆளுங்க ஒருத்தரும் வரல. பொன்மலைப் புலின்னு ஒருத்தர், இவன்மேல ரொம்பப் பாசமாப் பேசுவாரு. அவரத் தேடி பொன்மலை ரயில்வே பட்டறை ஆர்மரி கேட்ல போய் நின்னு, ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வர்றவங்களையெல்லாம் நிறுத்திக் கேட்டிருக்கான். அப்படி யாரும் இல்லேன்னுட்டாங்க."

"நஜீம், வண்டிய எடு. முதல்ல அந்தச் சைவ நாக்கப் பார்ப்போம்."

பார்த்தா தன் முகத்தை எங்கும் காட்டவில்லை. வாசலைக் காட்டியிருந்தான். சங்கு சக்கரம் பதித்த நிலைப்படி, பச்சை ஜன்னல், பெரிய கோலம். 'எங்கள் வீடு' என்று கீழே பெருமை வேறு. காவிரிப் பாலத்து நெரிசலில் உரசி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்து, போனில் இருந்த வாசலையும் தெருவில் இருந்த வாசல்களையும் ஒப்பிட்டுக்கொண்டே போனார்கள். கீழச் சித்திரை வீதியில் அந்தப் பச்சை ஜன்னல் அகப்பட்டது.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். நெற்றி நிறைய நாமம், வேட்டி, மேலே ஒரு துண்டு. விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. நஜிமுதீன் அவருடைய புஜத்தையே பார்த்தான்.

"மருந்தில்லா மேனிங்கறது இதுதான்கா" என்று முணுமுணுத்தான்.

"வாங்கோ. யாரு வேணும்?"

"பார்த்தான்னு ஒருத்தரத் தேடி வந்தோம் சார். உடற்பயிற்சி பண்றவர்" என்றாள் பெலிண்டா.

"இந்தாத்துலயா? அடியேன் வகுளாபரணன். தபால் ஆபீஸ்லேர்ந்து ரிட்டையர் ஆயாச்சு. பார்த்தசாரதின்னு எங்க மாமனார் இருந்தார். அவர் ஆசார்யன் திருவடி சேர்ந்தே ரொம்ப வருஷம் ஆறது."

"அவரு வெயிட் தூக்குவாரா சார்?" என்றான் நஜிமுதீன்.

"தீர்த்தச் சொம்பையே இன்னொருத்தரை விட்டுத் தூக்கச் சொல்லுவார்."

படத்தைக் காட்டியதும் வகுளாபரணன் தன் வாசலைத் தானே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "இதே வாசல்தான். ஆத்துல கோலம் கொஞ்சம் பெரிசாப் போட்டா போதும், கேமராவைத் தூக்கிண்டு வந்துடறா. யார் எடுத்தான்னு அடியேன் எப்படிச் சொல்றது? இருங்கோ, இந்த மனுஷன் என்னதான் எழுதறான்னு பார்ப்போம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தந்தி படிப்பது போலப் போனைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். ரசம், சாம்பார் என்று பார்த்தா எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, "ரசத்தை எங்காத்துல சாத்தமுதும்போம்" என்றார். பெலிண்டா அதை லட்சியம் செய்யவில்லை. இந்தக் காலத்துப் பையன்கள் ஸ்ரீரங்கத்திலும் ரசம் என்றுதான் சொல்கிறார்கள். வகுளாபரணன் மேலே படித்தார். ஒரு வரியில் வந்து நின்றுவிட்டார்.

"'இன்று வெள்ளிக்கிழமை. சுத்தபோசனம். பருப்பு, பன்னீர், வாழைக்காய்.' சுத்தபோசனம்னா என்னது?"

"சைவச் சாப்பாடு சார்" என்றாள் பெலிண்டா, யோசிக்காமல்.

"அப்போ வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமையும் சைவம்தான். பிறந்ததிலிருந்தே சைவம்னு சொல்லியிருக்கான்."

"பின்னே வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்ன தனிப் பேரு? நித்தியம் சாப்பிடறதை யாராவது விசேஷமாச் சொல்லுவாளோ? எங்களவா ஏகாதசிக்கு உபவாசம் இருப்போம். அதுக்கும் இந்தப் பேர் கிடையாது. இந்த வார்த்தையை அடியேன் கேட்டதே இல்லையே."

பெலிண்டா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நாலு தடவை படித்திருக்கிறாள். நாலு தடவையும் அந்த வார்த்தை கண்ணில் பட்டுக் கண்ணை விட்டுப் போயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சுத்தம் சுத்தம் என்று முன்னால் ஒட்டிக்கொள்கிற கூட்டத்தில் இதுவும் ஒரு ஒட்டு என்று விட்டுவிட்டாள். அது மட்டும் காரணமில்லை. அந்த வார்த்தை அவளுக்குப் பழகிய வார்த்தை. சின்ன வயதில் வீட்டில் கேட்டது. தன் வீட்டு மணம் தன் மூக்குக்குத் தெரியாமல் போன மாதிரி ஆகிவிட்டது. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

தெருவுக்கு வந்ததும் நஜிமுதீன் கேட்டான். "என்னக்கா, அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வாயடைச்சுப் போயிட்டீங்க?"

"சுத்தபோசனம் எங்க வார்த்தை நஜீம். கத்தோலிக்க வீட்டு வார்த்தை. தவக்காலத்துல வெள்ளிக்கிழமை கறி தொடக்கூடாது. அதுக்குப் பேரு சுத்தபோசனம். இப்ப உள்ள பிள்ளைங்களுக்கே தெரியாது, பழைய ஆளுங்கதான் சொல்வாங்க."

"மீனு?"

"மீன் சாப்பிடலாம்."

"மீன் கறி இல்லையா?"

"இல்ல."

"இத மீனுகிட்ட யாராவது சொன்னாங்களாக்கா?" என்றவன், ஹெல்மெட்டை மாட்டப் போய் அப்படியே நின்றான். "அப்ப இவரு பார்த்தசாரதி இல்ல. பர்த்தலோமேயு."

"பெருமாள் கோயில் தெருவுல வாசல் வாடகைக்கு எடுத்துக்கிட்டு, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போற ஆளு. அந்தக் குழுவ நடத்தறவன் பேரு என்ன?"

"ஸ்டீபன்ராஜ்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. தவக்காலத்து வெள்ளி." நஜிமுதீன் வண்டியை உதைத்தான். "வாங்கக்கா. அண்ணன் மத்தியானம் என்ன மீன் சாப்பிட்டார்னு கேட்டுட்டு வருவோம்."

தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவின் மாடியில் 'மருந்தில்லா மேனி'யின் தலைமையகம். சுவர் முழுக்க ஒரே ஆளின் படம். முன்னால் திரும்பி, பின்னால் திரும்பி, பக்கவாட்டில் திரும்பி, எண்ணெய் வழிய ஸ்டீபன்ராஜ். நேரில் பார்த்தபோது படத்தை விடப் பெரிதாக இருந்தான். தலை நேராகத் தோளின்மேல் வைத்தது போல இருந்தது, நடுவில் கழுத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. இவன் ஊசி போடாதவன் என்றால் நான் கன்னியாஸ்திரி என்று பெலிண்டா நினைத்துக்கொண்டாள்.

அறையின் ஒரு பக்கம் வளைய விளக்கு, ஸ்டாண்டில் போன், சுவரில் பெரிய டி.வி. நேரலையும் அதற்கு வரும் கமெண்டுகளும் அதில் ஓடும். விளக்குக்கு முன்னால் ஒரு முக்காலி. அதில், கூண்டில் நிற்கிறவன் மாதிரி, ரஞ்சித். நல்ல தோள், நல்ல கை. முகத்தில் மட்டும் உயிர் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

"பார்த்தா விஷயமா வந்திருக்கோம். ஆளக் கண்டுபிடிச்சாச்சு" என்றாள் பெலிண்டா.

"அப்படியா மேடம்? உக்காருங்க" என்று ஸ்டீபன்ராஜ் பூரித்துப் போனான். அவன் முகத்தில் பயம் இல்லை. அது பெலிண்டாவுக்கு உறுத்தியது. "பார்த்தா மாதிரி சுத்தர்கள்தான் நம்ம குழுவோட முதுகெலும்பு. சமூகத்தக் கட்டறதுன்னா சும்மாவா? நான் ஆரம்பிச்சப்ப ஏழு பேர். இன்னிக்கு நாப்பதாயிரம். என்ன ரகசியம்னு எல்லாரும் கேக்கறாங்க. உண்மை மேடம். உண்மை பேசினா கூட்டம் வரும். இவங்க எங்க அக்கா அமலராணி. பள்ளிக்கூட ஹாஸ்டல்ல வார்டனா இருந்தாங்க. இங்க கமெண்ட்ல கெட்ட வார்த்தை வந்தா நீக்கறது அவங்க வேலை."

மூலை மேசையில் போனும் கையுமாக இருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்துத் தலையை அசைத்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி. மறுபடி குனிந்துகொண்டாள்.

பெலிண்டா ஸ்டீபன்ராஜை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த உடம்புக்கு என்ன சாப்பிடுவீங்க? உதாரணமா இன்னிக்கு மத்தியானம்?"

நஜிமுதீன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"சிக்கன்தான் மேடம். தோல் நீக்கி, உப்பில்லாம."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே."

"புரோட்டீனுக்கு வெள்ளி என்ன, செவ்வாய் என்ன?"

பெலிண்டா கட்டி வந்த கோட்டை அந்த இடத்தில் இடிந்து விழுந்தது. ஆனால் இடிந்த சத்தம் அடங்குவதற்குள் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. விடுதியில் விளக்கணைக்கச் சொல்லிப் பழகிய குரல்.

"தபசு காலத்து வெள்ளிக்கிழமையில கோழியா சாப்பிட்ட? இன்னிக்கு சுத்தபோசனம்னு காலையிலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

பெலிண்டா திரும்பிப் பார்க்கவில்லை. நஜிமுதீன் இருமினான். வெறும் வயிற்றோடு சிரிப்பை அடக்குவது கஷ்டம்.

ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு யாரையும் பிடிக்க முடியாது. அக்காள் சொன்னதைத் தம்பி எழுதியிருக்கலாம், ஆயிரம் வீட்டில் அதே வார்த்தை இருக்கலாம் என்று எந்த முட்டாளும் வாதாடுவான். இந்தக் கூட்டத்தில் முட்டாள்களுக்குப் பஞ்சமும் இல்லை. பெலிண்டா அந்த மூலையைக் கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் பார்த்தாள். அமலராணியின் இரண்டு கட்டைவிரலும் ஓயாமல் வேலை செய்தன. சுவரில் டி.வி. ஓடியது. ஆறு மணிக்கு முன்பே கூட்டம் சேர்ந்து கத்தத் தொடங்கியிருந்தது. பொன்மலைப் புலி, 'துரோகிக்கு மன்னிப்பே கூடாது' என்றது. உறையூர் உருக்கு, 'ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்' என்றது. ஸ்ரீரங்கம் பார்த்தா இருவரையும் சமாதானம் செய்தான். புலி பார்த்தாவின் மேல் பாய்ந்தது.

அப்போதுதான் பெலிண்டாவுக்கு ரஞ்சித் ஆர்மரி கேட்டில் போய் நின்றும் புலியைக் காணாதது ஞாபகம் வந்தது.

"ஸ்டீபன், வெளிச்சம் சரியில்ல" என்றாள். "பையன் மூஞ்சி பாதி இருட்டா இருக்கு. பார்க்கறவங்களுக்கு அவன் அழறது தெரிய வேண்டாமா? ஒரு வெள்ளை அட்டைய யாராவது பக்கத்துல பிடிச்சா எடுப்பா விழும்."

ஸ்டீபன்ராஜுக்கு அது ரொம்ப சரியாகப் பட்டது. பிறத்தியான் கண்ணீருக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் அவனைப் போன்றவர்களுக்குத் தாங்காது. உள்ளே ஓடி ஒரு தெர்மோகோல் அட்டையைத் தூக்கி வந்தான்.

"நீ பிடி நஜீம்" என்றாள் பெலிண்டா.

நஜிமுதீன் உடனே கையை நடுங்கவிட்டான். "நோன்பு வச்சிருக்கேன்கா. நிக்கவே முடியல."

"அக்கா, நீ பிடிச்சுக்கோ" என்றான் ஸ்டீபன்ராஜ். "ரெண்டு கையாலயும் பிடி, ஆடக்கூடாது."

அமலராணி தயங்கினாள். எழுந்தாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நேரலை தொடங்கியது.

ஸ்டீபன்ராஜ் சுத்த வணக்கம் சொன்னான். துரோகம் என்றால் என்ன, தூய்மை என்றால் என்ன என்று முழங்கினான். டி.வி.யில் கமெண்டுகள் வந்தன. ஒருவன் தோள் வலிக்கு வழி கேட்டான். ஒருவன் முட்டையில் மஞ்சள் கரு சாப்பிடலாமா என்றான். ஒருவன் தன் நாயின் படத்தைப் போட்டான். புலி இல்லை. உருக்கு இல்லை. பார்த்தா இல்லை. இவ்வளவு நேரம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்த ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

ஸ்டீபன்ராஜ் டி.வி.யைப் பார்த்தான். குரல் இறங்கியது. "என்ன சுத்தர்களே, அமைதியா இருக்கீங்க? புலி, இருக்கீங்களா? புலியைக் காணோமே. பார்த்தா?"

நாய்ப் படத்துக்கு ஒரு இதயம் விழுந்தது.

"கை வலிக்கும், அட்டையைக் கீழ வைங்கம்மா. கொஞ்சம் உக்காருங்க" என்றாள் பெலிண்டா, அன்பாக.

அமலராணி அட்டையை வைத்தாள். மேசைக்குப் போனாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. பொன்மலைப் புலி டி.வி.யில் உறுமியது: 'வந்துட்டேன் அண்ணா. துரோகி பேசட்டும்.' பின்னாலேயே பார்த்தா: 'பொறுமை, பொறுமை.'

"திரும்பப் பிடிங்கம்மா. இருட்டாயிடுச்சு."

புலி பாதி வாக்கியத்தில் நின்றது. அட்டை மேலே போனது. டி.வி. அடங்கியது.

"வைங்க."

இந்தத் தடவை அமலராணி வைக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் பெலிண்டாவை ஒரு பார்வை பார்த்தன. விஷயம் புரிந்துவிட்டது. நஜிமுதீன் ஸ்டாண்டிலிருந்த போனை மெல்ல அவள் பக்கம் திருப்பினான். டி.வி.யில் பெரிதாக அமலராணி தெரிந்தாள், இரண்டு கையாலும் வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி.

"பார்த்தாவக் கண்டுபிடிச்சாச்சுன்னு சொன்னேன்ல ஸ்டீபன்? இவங்கதான். புலியும் இவங்கதான். உறையூர் உருக்கும் இவங்கதான். இன்னும் எத்தனை பேர்னு அவங்களையே கேளுங்க."

"அக்கா?" என்றான் ஸ்டீபன்ராஜ். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அமலராணி அட்டையை இறக்கினாள். அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. படிப்பு ஏறாத பிள்ளையிடம் பேசுவது போலத் தம்பியிடம் பேசினாள்.

"நீ உண்மையப் பேசிப் பேசி ஏழு பேர வச்சிருந்த. ஒருத்தன் வாயத் திறக்கல. நாலு பேர் சண்டை போட்டாத்தான் நாப்பது பேர் எட்டிப் பார்ப்பாங்க தம்பி. சண்டைக்கு ஆள் இல்ல, நானே போட்டேன். மாசம் ஒருத்தன வெளிய தள்ளினா, மிச்சம் இருக்கறவன் தன்னப் பெரிய சுத்தன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். அந்தத் துரோகிகளும் நிஜ ஆளுங்க இல்ல, நானே எழுதினவங்க. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல."

"ரஞ்சித்?" என்றாள் பெலிண்டா.

"அவன்தான் சும்மா இருக்கல. கூட்டத்த ஆத்தங்கரைக்குக் கூப்பிடறான். புலியத் தேடிக்கிட்டு பொன்மலைக்குப் போறான். போன மாசத் துரோகி துவாக்குடிப் பையன், அவனுக்கும் ஆறுதல் சொல்லணும்னு லாட்ஜ் லாட்ஜா விசாரிக்கறான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஒருத்தருமே இல்லேன்னு கண்டுபிடிச்சிருப்பான்."

நல்லவனாக இருந்த குற்றத்துக்குத்தான் அவனைத் தூக்கி எறிந்திருக்கிறாள். பெலிண்டா ஸ்டீபன்ராஜைக் காட்டினாள்.

"உங்க தம்பியப் பார்த்ததும் ஊசி போட்ட உடம்புன்னுதான் நானும் நெனச்சேன்" என்றாள். "தப்பு. உடம்பு அசல்தான். கூட்டத்துக்குத்தான் மாசா மாசம் ஊசி போட்டிருக்கீங்க."

ஸ்டீபன்ராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. டி.வி.யின் மூலையில் ஓடிய, பார்க்கிறவர்களின் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறிக்கொண்டே போனது. "அக்கா, இத்தனை பேர் இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல" என்றான்.

"பாத்தியா?" என்றாள் அமலராணி.

இந்த இரண்டு பேரையும் திட்டுவதற்குத் தமிழ் போதாது என்று பெலிண்டாவுக்குத் தோன்றியது. "நஜீம், போன ரஞ்சித் பக்கம் திருப்பு. தம்பி, நீ சொல்ல வந்ததச் சொல்லு. மனப்பாடம் பண்ணினத விடு."

ரஞ்சித் விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"நான் ஊசி போடல. எப்பவும் போட்டதில்ல" என்றான். "அவ்வளவுதாங்க."

டி.வி.யில் கமெண்டுகள் பொலபொலவென்று விழுந்தன. நஜிமுதீன் ஒன்றைக் கண்டுபிடித்து வாசித்தான். "உங்க ஜிம் ஓனர் கனி பாய் எழுதியிருக்காரு. 'காலையில வந்து நீயே ஷட்டரைத் திற தம்பி. பசங்க காத்திருப்பாங்க.' கேட்டுச்சா? பாய் தப்புத் தப்பா டைப் அடிச்சிருக்காரு. நிஜ மனுஷன்தான்." சொல்லிவிட்டு நேரலையை அணைத்தான்.

வேலை பிழைத்தது, பேர் பிழைத்தது. ஆனால் ரஞ்சித் முக்காலியை விட்டு எழவில்லை. அமலராணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புலியண்ணனும் நீங்கதானா?"

அமலராணி அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எங்கப்பா தவறின அன்னிக்கு ராத்திரி முழுக்க எங்கூடப் பேசினாரு. உடம்ப விட்டுடாதே, நாளைக்கும் போய் வெயிட்டத் தூக்குன்னு சொன்னாரு. எனக்குக் கல்யாணம்னா அவருதான் முன்னாடி நிக்கணும்னு அக்காகிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

விடுதியையே அதட்டிய அந்தக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அமலராணி மெல்ல நடந்து மூலைக்குப் போனாள். மேசையில் இருந்த போனை எடுத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு கட்டைவிரலால் தட்டினாள்.

ரஞ்சித்தின் சட்டைப் பையில் போன் கீச்சிட்டது. எடுத்துப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பெலிண்டாவுக்கும் தெரிந்தது.

பொன்மலைப் புலி: 'தம்பி, அண்ணன மன்னிச்சுடுடா.'

பெலிண்டா நாக்கு நுனியில் ஒரு வார்த்தை வைத்திருந்தாள். நல்ல சூடான வார்த்தை. அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நஜிமுதீன் வளைய விளக்கை அணைத்தான்.

ரஞ்சித் பதில் எழுதினான். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. அனுப்பிவிட்டுத் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

மூலையில் அமலராணியின் போன் ஒளிர்ந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள். எதிரில் நிற்கிற பெரியவர்களிடம் பேசுவது போல மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்.

'நீங்க யாருங்க?'